நசுங்கிய காலை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

ஏடிவி எனப்படும் நான்கு சக்கர ஆஃப் ரோடு வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது ஓட்டுகிறவர் யோசிக்காமல் காலை வெளியே ஊன்றிவிடுவார். பைக் ஓட்டிப் பழகிய உடம்பு அப்படித்தான் செய்யும். பைக்குக்கு அது சில நேரம் உதவும். முந்நூறு கிலோ வரை எடையுள்ள வண்டியைக் காலால் தாங்க முடியாது. கால் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். மலைப்பாதையில் உருளும் ஜீப்பும், வளைவில் இன்னொரு வண்டியின் பக்கவாட்டில் மோதும் ஏடிவியும் காலுக்குச் செய்வது ஏறத்தாழ இதே சேதம்தான். கணைக்கால் எலும்பின் முன்பக்கம் தசை கிடையாது, தோல் மட்டுமே. உடைந்த எலும்பு சுலபமாக வெளியே வந்துவிடும். மண் சுலபமாக உள்ளே போய்விடும்.

சாதாரண முறிவுகள் கூடிவிடும், அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை. எலும்பு பல துண்டாகி, சதை கிழிந்து, மூடுவதற்குத் தோல் போதாமல் கிடக்கும் காலைப் பற்றித்தான் பேச்சு. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டர் வந்து, "முயன்று பார்க்கலாம், ஆனால் எடுத்துவிடுவதும் ஒரு வழிதான்" என்பார். பெரும்பாலான வீடுகளில் அவர் முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "எப்படியாவது காலைக் காப்பாத்துங்க டாக்டர்." வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு இரண்டு ஆண்டு, ஏழு ஆண்டு கழித்து வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அந்த வராந்தாவில் யாரும் விளக்குவதில்லை. அதற்கான தரவுகள் இருக்கின்றன. அவை நாம் நினைப்பதுபோல் இல்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். சில கால்களுக்குத் தேர்வே கிடையாது. முக்கிய ரத்தக்குழாய் அறுந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ரத்தம் போகாத கால், உயிரையே இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு நசுங்கிய கால் ஆகியவற்றில் டாக்டர் சொல்வதைக் கேட்பதுதான் வழி. இந்தக் கட்டுரை நடுவில் நிற்கும் கால்களுக்கானது.

மண்ணும் நேரமும்

அந்த நடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எண்ணில் சொல்லப் பலர் முயன்றிருக்கிறார்கள். 1990இல் அமெரிக்காவில் வந்த 'மெஸ்' என்ற மதிப்பெண் முறை ஏழு அல்லது அதற்கு மேல் வந்தால் காலை எடுக்கலாம் என்றது. பிறகு பெரிய அளவில் சோதித்தபோது அதை நம்பி முடிவெடுக்க முடியாது என்று தெரிந்தது. நமக்குப் பக்கத்திலேயே உருவான இன்னொரு முறை இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவினரும் உருவாக்கி 2006இல் வெளியிட்டது. தோல், எலும்பு, தசை–நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அதற்கு மேல், நிலைமையை மோசமாக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் இரண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது. 15, 16 என்பது சாம்பல் நிறப் பகுதி. டாக்டரின் அனுபவமும் குடும்பத்தின் விருப்பமும் உட்கார்ந்து பேச வேண்டிய இடம். ரத்த ஓட்டம் கெடாத கால்களுக்கான கணக்கு இது.

அந்த இரண்டிரண்டு மதிப்பெண் காரணங்களைப் பார்த்தால் ஆஃப் ரோடு விபத்து ஏன் தார்ச்சாலை விபத்தைவிட மோசம் என்பது புரியும். காயத்தைச் சுத்தம் செய்யும் முதல் அறுவைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் இரண்டு. சாக்கடையோ சாணியோ தோட்ட மண்ணோ காயத்தில் கலந்திருந்தால் இரண்டு. ரத்த அழுத்தம் 90க்குக் கீழே விழுந்த நிலையில் வந்தால் இரண்டு. கொழுக்குமலைச் சரிவில் ஜீப் உருண்டால் ஆளை மேலே தூக்க ஒரு நேரம், சூரியநெல்லிக்கு இறக்க ஒரு நேரம், அங்கிருந்து தேனியோ மதுரையோ போக இன்னொரு நேரம். ஊரில் விழுந்திருந்தால் 12 வாங்கியிருக்கும் கால் இப்படியே 16க்கு வந்து நிற்கும்.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "காப்பாற்ற முடியுமா" என்பதல்ல. "கங்கா ஸ்கோர் எவ்வளவு, அதில் எதற்கு எத்தனை?" என்று கேளுங்கள். பதில் சொல்ல எந்த நல்ல எலும்பு டாக்டரும் தயங்க மாட்டார். (புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லும் சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை: எலும்பு வெளியே வந்த காயத்துக்கு அது கிடையவே கிடையாது. முதல் ஒரு மணி நேரத்தில் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக்தான் இங்கே பெரிய விஷயம்.)

பாதத்தில் உணர்ச்சி இல்லை, அதனால் எடுத்துவிடலாம் என்று ஒரு பழைய வாதம் உண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டாம். முதல் நாளில் உள்ளங்கால் உணர்ச்சி இல்லாமல் வந்து, காலைக் காப்பாற்றிக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டில் உணர்ச்சி இயல்பாகத் திரும்பியது என்று பிற்கால ஆய்வு காட்டியது. நரம்பு நசுங்கியிருக்கும், அறுந்திருக்காது.

காலை வைத்துக்கொண்டால்

இது ஒரு ஆபரேஷன் இல்லை, ஒரு வரிசை. முதலில் காயத்தைச் சுத்தம் செய்து வெளியே கம்பி போட்டு நிறுத்துவார்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி சுத்தம். பிறகு பிளாஸ்டிக் சர்ஜன் கெண்டையிலிருந்தோ தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து மூடுவார். ஆஸ்பத்திரி மொழியில் ஃபிளாப். அதற்குப் பிறகுதான் எலும்பின் கதை தொடங்கும். எலும்பில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் ரிங் போட வேண்டிவரும்: காலைச் சுற்றி வளையங்கள், அவற்றிலிருந்து எலும்புக்குள் போகும் கம்பிகள்.

அந்த ரிங்கைக் கண்டுபிடித்தவர் கவ்ரீல் இலிசரோவ். சைபீரியாவின் குர்கான் நகரத்தில் வேலை பார்த்தவர். நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், நான்கு தவணையாகக் கால் கால் மில்லிமீட்டராக நகர்த்தினால், பின்னால் விட்ட இடைவெளியில் புது எலும்பு வளரும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல் அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன்கள் தோற்ற பிறகு இலிசரோவிடம் போனார். பிறகு மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார், 2.28 மீட்டர் என்ற தன் பழைய உலக சாதனையை மட்டும் நெருங்க முடியவில்லை.

ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி என்றால் நகர்த்தவே ஐம்பது நாள். வளர்ந்த எலும்பு கெட்டியாக அதைவிட நீண்ட காலம். அத்தனை நாளும் கம்பி தோலைத் துளைத்து நிற்கும். கம்பி நுழையும் ஒவ்வொரு இடத்தையும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். யார் செய்வது? பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா. படுக்கை மாற வேண்டும், வேட்டியோ பாவாடையோ தவிர வேறு உடுக்க முடியாது, பேருந்தில் ஏற முடியாது. சம்பளம் வராத மாதங்கள் இவை.

ரிங் கழன்ற பிறகும் முடிவதில்லை. கணுக்கால் விறைத்துப்போயிருக்கலாம். ஃபிளாப் போட்ட இடம் தடித்து, செருப்பு வார் உரசிப் புண்ணாகும். எல்லாவற்றையும்விட மோசமானது எலும்புக்குள் தங்கிவிடும் கிருமி. இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் வீங்கிச் சீழ் வைக்கும். தோட்ட மண் உள்ளே போன காயத்தில் இந்தப் பயம் எப்போதும் கூடுதல். பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர் இந்த வழியைத் தேர்ந்தால் அன்றே விட வேண்டும். புகைப்பவர்களுக்கு எலும்புச் சீழ் வரும் வாய்ப்பு 3.7 மடங்கு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எலும்பு கூடும் வாய்ப்பும் அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

எடுத்துவிட்டால்

முழங்காலுக்குக் கீழே எடுப்பதும் மேலே எடுப்பதும் ஒரே விஷயம் அல்ல. முழங்கால் மிஞ்சினால் நடை கிட்டத்தட்ட இயல்பாக வரும். நடக்க ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் சக்தி செலவாகும். மேலே போனால் அது பாதிக்கு மேல். முழங்கால் மூட்டின் வழியாகவே எடுப்பது காகிதத்தில் நல்லதாகத் தோன்றும், ஆனால் விபத்துக் கால்களில் அதுதான் மிக மோசமான பலனைத் தந்தது. ஆக, "எடுக்கலாமா" என்ற கேள்விக்குள் "எந்த இடத்தில்" என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. கீழே எடுக்கக்கூடிய காலை மாதக்கணக்கில் சீழோடு இழுத்தடித்தால் அந்த முழங்காலும் போகலாம்.

சில மாதங்களில் செயற்கைக்கால் பொருத்தி நடக்க ஆரம்பித்துவிடலாம். அது இந்த வழியின் பெரிய பலம். ஆனால் ஒரு முறை பொருத்தினால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. ஸ்டம்ப், அதாவது வெட்டிய பிறகு மிஞ்சும் கால் பகுதி, முதல் வருடத்தில் சுருங்கும்; அது நுழையும் சாக்கெட் தளரும், மாற்ற வேண்டும். வெயிலில் வியர்த்துத் தோல் உரியும். இல்லாத பாதத்தில் அரிப்பும் எரிச்சலும் வலியும் வரும். கற்பனை இல்லை, நரம்பு உண்மையில் அனுப்பும் வலி. வெட்டிய நரம்பின் முனையைப் பக்கத்துத் தசையின் நரம்போடு இணைத்துத் தைக்கும் அறுவை இப்போது இருக்கிறது, அது பலருக்கு இந்த வலியைக் குறைக்கிறது. எடுக்கும்போதே அதைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். இருபது முப்பது வருடம் போன பிறகு வரும் தொல்லை இன்னொன்று: பாரத்தைச் சுமந்த மற்றக் காலின் முழங்கால் தேய்வதும் இடுப்பு வலியும்.

நம் ஊரில் யோசிக்க வேண்டியது வேறு சில. தரையில் சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, கோயிலில் வெறுங்காலோடு நடப்பது, சேற்றில் இறங்குவது. ஜெய்ப்பூர் கால் இவற்றை மனதில் வைத்தே 1968இல் உருவானது. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் செய்தது. செருப்பு இல்லாமல் நடக்கலாம், நனையலாம், குந்தலாம். 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் அமைப்பு அதை இலவசமாகக் கொடுக்கிறது. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலும் செயற்கை உறுப்புகள் செய்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கணுக்கால் விறைத்துப்போன சொந்தக் காலை வைத்துக்கொண்டு குந்த முடியாதவர் உண்டு; ஜெய்ப்பூர் காலோடு வயலில் குந்திக் களை எடுப்பவரும் உண்டு.

எண்கள் சொல்வது

அமெரிக்காவில் எட்டுப் பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் 1994 முதல் 1997 வரை சேர்ந்த 569 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். லீப் ஆய்வு என்று பெயர். கார், பைக், விழுதல் என்று எல்லா வகை விபத்தும் அதில் உண்டு. ஏடிவிக்கென்று தனியாக இல்லை என்றாலும் நசுங்கிய கால் நசுங்கிய கால்தான். இரண்டு வருட முடிவில், அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியது என்பதற்கான மதிப்பெண் காலைக் காப்பாற்றியவர்களுக்கு 11.8, எடுத்தவர்களுக்கு 12.6. கூடக்கூட மோசம்; பத்துக்கு மேல் என்றால் கடுமையான முடக்கம். இரண்டு தரப்பும் அந்தக் கோட்டைத் தாண்டியே நிற்கின்றன, இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வேலைக்குத் திரும்பியவர்கள் முதல் தரப்பில் 49.4 சதவீதம், இரண்டாவதில் 53. வித்தியாசம் தெரிந்தது ஓரிடத்தில்தான்: சிக்கல் வந்து மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், காப்பாற்றியவர்களில் 47.6 சதவீதம், எடுத்தவர்களில் 33.9.

ஏழு வருடம் கழித்தும் இதே கதை. இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பேர் கடுமையான முடக்கத்தில். சாதாரண ஆளைப் போன்ற மதிப்பெண் வாங்கியவர்கள் மூன்றில் ஒருவர். பலனைத் தீர்மானித்தது காலா, செயற்கைக்காலா என்பதைவிட வேறு சில விஷயங்கள்: படிப்பு, வருமானம், புகை, தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருந்தார்களா, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இருந்ததா. இரண்டு வருடம் கழித்து 42 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் இருந்தன. அதற்குச் சிகிச்சை பெற்றவர்கள் சிலரே. எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் எலும்புக்கு நாலு டாக்டரைப் பார்ப்போம், மனசுக்கு ஒருவரைப் பார்க்க மாட்டோம்.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கால் சிதைந்த 324 அமெரிக்க ராணுவத்தினரிடம் செய்து 2013இல் வந்த ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. எடுத்தவர்களே நன்றாக இயங்கினார்கள். ஆனால் அவர்கள் இளைஞர்கள், உலகின் மிக நல்ல செயற்கைக்காலும் பயிற்சியும் அரசுச் செலவில் கிடைத்தவர்கள். அதை அப்படியே தேனிக்கு இறக்குமதி செய்ய முடியாது. அதே ராணுவத்தின் மருத்துவமனை ஒன்றில் காப்பாற்றிய காலுக்கென ஒரு கார்பன் பட்டை செய்தார்கள். அதைப் போட்டு ஓடிப் பார்த்துவிட்டு, காலை எடுக்கக் கேட்டிருந்த சிலர் முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

செலவிலும் இறக்குமதிக் கணக்கு உதவாது. அமெரிக்காவில் வாழ்நாள் செலவு காப்பாற்றிய காலுக்கு ஏறத்தாழ 1,63,000 டாலர், எடுத்ததற்கு 5,09,000 டாலர் என்று மதிப்பிட்டார்கள். காரணம், அங்கே செயற்கைக்காலின் விலையும் அடிக்கடி மாற்றுவதும். இலவச ஜெய்ப்பூர் காலை ஏற்பவருக்கு இங்கே அந்தப் பாரம் இல்லை. அவருக்குப் பெரிய செலவு, ஆபரேஷன் வரிசையும் சம்பளமில்லாத மாதங்களும்தான்.

உறவினர்கள் இரண்டு படங்களைக் காட்டுவார்கள். ஒன்று, 1981இல் திருச்சிப் பக்கம் பேருந்து விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மேடையேறிய சுதா சந்திரன். மற்றொன்று, ஐந்து வயதில் பேருந்து ஏறிச் சிதைந்த காலோடு 2016 ரியோவில் தங்கம் தாண்டிய சேலத்து மாரியப்பன் தங்கவேலு. இருவரையும் மதிக்கிறேன். ஆனால் இருவரில் யாரும் உங்கள் வீட்டுக்காரரின் இரண்டாம் ஆண்டு எப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது வழி

காப்பாற்றிப் பார்ப்போம், முடியாவிட்டால் எடுப்போம் என்பது மிகவும் நியாயமாகத் தெரியும். பலர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், பெயர் சொல்லாமலே. இதில் உள்ள ஆபத்து, "முடியாவிட்டால்" என்பது எப்போது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆறு ஆபரேஷன் ஆகிவிட்டதே, ஏழாவதையும் பார்த்துவிடலாம் என்று போகும். சீட்டாட்டத்தில் விட்ட பணத்தைப் பிடிக்க உட்கார்ந்தவர் மாதிரி. நிலத்தை விற்று, வேலையை இழந்து, வலி மாத்திரைக்குப் பழகி, மூன்றாம் வருடம் காலை எடுத்தவர் இரண்டு வழிகளின் கஷ்டத்தையும் பட்டிருப்பார்.

ஆனாலும் இந்த வழி தப்பில்லை. ஒரு தேதியை முன்கூட்டியே குறித்துக்கொண்டால் போதும். இன்ன மாதத்தில் எலும்பு கூடும் அறிகுறி எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும், இன்ன தேதிக்குள் சீழ் நிற்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று சர்ஜனோடு பேசி ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். நோயாளி சுயநினைவோடு இருந்து அவர் வாயாலேயே சொன்னால் இன்னும் நல்லது. முதல் நாள் இரவு அவர் மயக்கத்தில் இருந்தார். முடிவு எடுத்தது அண்ணனும் மாமனாரும்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஸ்கோர் 14க்குள், பிளாஸ்டிக் சர்ஜனும் எலும்பு சர்ஜனும் ஒரே ஆஸ்பத்திரியில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள், ஒரு வருடம் தாங்கும் வருமானம், புகை இல்லை என்றால் காலை வைத்துக்கொள்ளப் போராடலாம், தயங்க வேண்டாம். ஸ்கோர் 16, மண் நிறைந்த காயம், வண்டியோட்டியோ கொத்தனாரோ, தினக்கூலி, பெரிய ஆஸ்பத்திரி நூறு கிலோமீட்டரில், முழங்காலுக்குக் கீழேயே நிறுத்த முடியும் என்றால் நான் எடுப்பதன் பக்கம் சாய்வேன். உட்கார்ந்து பார்க்கும் வேலை உள்ளவருக்கு விறைத்த கணுக்கால் பெரிய தடை அல்ல. மரமேறும் தொழிலாளிக்கு அது தொழிலையே முடித்துவிடும். சர்க்கரை நோயும் வயதும் சேர்ந்தால் நீண்ட ஆபரேஷன் வரிசையைப் பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் எலும்பு பெரியவர்களைவிட வேகமாகக் கூடும், காப்பாற்றும் பக்கமே தராசு சாயும். எடுத்தால் வளரும் எலும்பு ஸ்டம்பின் நுனியில் தோலைக் குத்திக்கொண்டு வரும், மறுபடி மறுபடி அறுவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பதினாறு வயதுக்குட்பட்டவர்களை ஏடிவியில் ஏற்றவே கூடாது என்கிறது. மலைவாச ரிசார்ட்டில் பத்து வயசுப் பையனைத் தனியே ஓட்டவிட்டு அப்பா வீடியோ எடுப்பதைப் பார்க்கும்போது எரிச்சலாகத்தான் வருகிறது.

கடைசியாகக் காகித வேலை. மோட்டார் வாகனச் சட்டம் சாலையில் ஓடத் தகுந்த வண்டிகளுக்கானது. மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடும் சிறப்பு வகை வண்டி அதன் விளக்கத்துக்கு வெளியே போய்விடுகிறது. பதிவு எண் இல்லாத ரிசார்ட் ஏடிவி என்றால் வழக்கமான விபத்து இழப்பீட்டுக்கு இழுபறி நிச்சயம். தனிநபர் விபத்து பாலிசி இருந்தால் ஒரு காலை இழந்ததற்கு வழக்கமாகக் காப்புத் தொகையில் பாதி கிடைக்கும். காலைக் காப்பாற்றி, அது பயன்படாமல் போயிருந்தால் 'முற்றிலும் பயன் இழந்தது' என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பாடு. சாகச விளையாட்டு விலக்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பணத்துக்காக மருத்துவ முடிவை மாற்ற வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்பது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருவர் பார்த்துவிட வேண்டும். பிறகு திருத்துவது பெரும்பாடு.